வெள்ளிக்கிழமைப் பள்ளம்

பௌதிக வகுப்புக்கு நான் வேட்டியில்தான் போவேன், இன்ஸ்பெக்டர். பெல்ட் பக்கிளில் இரும்பு இருக்கிறது. அதோடு பூமியின் காந்தத்தை அளக்கும் குடிலுக்குள் நுழைந்தால் கருவி கலங்கிவிடும். ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைத் தென்னந்தோப்பில் கல்லூரிக்காக அந்தக் குடிலைக் கட்டியவன் நான். எல்லாம் மரமும் பித்தளையும்தான், ஓர் இரும்பாணி கிடையாது.

பூமியின் காந்தம் ஒரே நிலையில் நிற்பதில்லை. நடுப்பகலில் நம் தலைக்கு மேல் அறுபது மைல் உயரத்தில் மின்சாரம் ஆறாக ஓடுகிறது. அதனால் காந்தம் கூடும். குடிலுக்குள் சுற்றும் புகைப்படத் தாளில் அது ஒரு மேடாக விழும். எம்.எஸ்ஸி. மாணவர்களுக்குப் பத்து வருஷமாக இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். கொட்டாவி விடாமல் கேட்டவன் கலீல் ஒருவன்தான்.

பெரிய கடைவீதி அத்தர் கடைக்காரர் மகன். படிப்பு முடிந்தும் என்னிடமே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தான். நாலு வருஷம் என் புத்தகங்கள், என் சைக்கிள், என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அவனுக்குத்தான்.

ஐம்பத்தொன்பதில் வடக்கே ஒரு பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அவன் விண்ணப்பம் போட்டிருப்பதை ஆபீஸ் பியூன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சிபாரிசுக் கடிதத்தை வேறொருவரிடம் வாங்கியிருந்தான். கேட்டதற்கு, “சொன்னா வருத்தப்படுவீங்கன்னுதான் சார் சொல்லலை,” என்றான். எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. துரோகம் செய்தவனை நினைத்து யாராவது வருத்தப்படுவார்களா? வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

தோப்புக் காவல்காரர் மருதை உங்களிடம் சொன்னது சரி. வெள்ளிக்கிழமை மத்தியானம் கலீல் ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவான். அந்த இரண்டு மணி நேரம் மருதையின் கடப்பாரையை வாங்கி, குடிலின் மேற்குச் சுவருக்கு வெளியே நட்டு வைப்பேன். எல்லா வெள்ளியும் இல்லை, வருஷத்தில் பதினோரு நாள். தாளில் மேடு விழவேண்டிய இடத்தில் பள்ளம் விழுந்தது.

கலீலுக்குத் தலைகால் புரியவில்லை. மேலே ஓடும் மின்சாரம் சில நாட்களில் திசை திரும்பி ஓடுகிறது என்று கட்டுரையே எழுதிவிட்டான். தேதிகளைப் போட்டிருந்தான், கிழமைகளைப் பார்க்கவில்லை. நான் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தி, “ஹைதராபாத் விஞ்ஞானிகள் கூட்டத்துல தைரியமா வாசிச்சுட்டு வாப்பா,” என்று அனுப்பி வைத்தேன்.

அங்கே ஒருவர் பழைய காலண்டரை எடுத்துப் பார்த்துவிட்டு, வானத்துக்கும் வெள்ளிக்கிழமை லீவா என்று கேட்டாராம். சபை சிரித்திருக்கிறது. தொழுகைக்குப் போய்விட்டு வந்து தாளில் ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் சரியான விளக்கம் தராவிட்டால் வேலை கிடையாது என்று வடக்கே ஆய்வுக்கூடத்திலிருந்து எழுதிவிட்டார்கள்.

அதோடு அவன் ஊரிலேயே இருந்திருப்பான். நான் வேண்டியதும் அதுதான். வந்து கேட்டிருந்தால் மறுபடி சேர்த்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் போன ஆடியில், கொள்ளிடத்தில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போன அன்று சாயங்காலம், என்னைத் தேடிக் கரைக்கு வந்தான். கையில் ஒரு தாள். பல நாளைக்குப் பிறகு முகத்தில் சிரிப்பு.

“யாரோ இரும்பு வெச்சிருக்காங்க சார். பள்ளத்தோட அளவை வெச்சுக் கணக்குப் போட்டுட்டேன். நீளமான கம்பி மாதிரி ஏதோ ஒண்ணு, மேற்குச் சுவருக்கு வெளியே நாலடியில. மருதையண்ணனா இருக்குமோ? பாவம், விவரம் தெரியாம வெச்சிருப்பாரு. காலையில கேட்டுட்டு வரேன். நீங்க ஒருத்தர்தான் சார் என்னை நம்புனீங்க.”

தாளை வாங்கிப் பார்த்தேன். நான் சொல்லிக்கொடுத்த முறையிலேயே, வரி வரியாகப் போட்டிருந்தான். கடைசிக்கு முந்தின வரியில் ஒரு சின்னப் பிழை. இத்தனை வருஷம் கணக்குத் திருத்திய பழக்கம், வாய் சும்மா இருக்கவில்லை.

“நாலடி இல்லப்பா, மூணடி,” என்றேன், கணக்கைப் போட்டுப் பார்க்காமலே.

அவன் தாளைத் திரும்ப வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். “சார்,” என்றான்.

அவனுக்கு நீச்சல் தெரியாது. தள்ளியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். நாலு வருஷம் சொல்லிக்கொடுத்த என்னை ஒரு நொடியில் சந்தேகப்பட்டுவிட்டான். அதை எந்த வாத்தியார் தாங்குவார்?