அமாவாசை இலையும் கச்சாயமும்

இந்தச் சர்க்கரை நோய் விளக்கக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும், எங்கள் பம்புத் தொழிலாளர் மன்றத்தின் தூணாகிய ஐயா அழகிரிசாமி அவர்களே! ஆர்.எஸ்.புரத்துக் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, தம் ஞாயிற்றுக்கிழமையைச் சூலூருக்குத் தாரை வார்த்திருக்கும் மருத்துவர் கலீல் ரஹ்மான் அவர்களே! லேத்தின் இரைச்சலிலும் தறியின் தாளத்திலும் காது தேய்ந்தாலும் கருத்துத் தேயாத பெரியோர்களே! ஃபேனுக்கு அடியிலேயே இடம் பிடித்துக்கொண்ட தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுக்கு நடுவே, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மாப்பிள்ளை என்ன பேசப்போகிறான் என்று பெருமையோடு பார்த்துக்கொண்டிருக்கும் என் மாமியார் மாசாணியம்மாள் அவர்களே! மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் பிரிவின் சூப்பர்வைசர் தமிழ்வேந்தனின் வணக்கம்.

சபையில் மாமியாருக்குத் தனி வணக்கமா என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. நான் பேச வந்ததே அவரிடம்தான். ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரே அடுப்பில் வெந்ததை உண்கிறோம். ஒரே படத்துக்கு விளக்கேற்றுகிறோம். ஆனாலும் இந்த ஒரு சொல்லை அங்கே சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இத்தனை பேர் துணைக்கு இருக்கும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

அத்தை, எனக்குச் சக்கரை வியாதி வந்திருச்சுங்க.

உக்காருங்க அத்தை. அம்மணிகளா, கொஞ்சம் அவங்களப் புடிச்சுக்குங்க. தண்ணி குடுங்க. முழுசாக் கேட்டுப்போட்டு அப்புறம் அழுங்க.

அவையோரே! என் மனைவி கயல்விழி மூளைக்காய்ச்சலில் போய் இன்னும் வருடம் திரும்பவில்லை. அவள் போன பிறகு எனக்குத் தாகம் எடுத்தது. துக்கம் என்றார்கள். குடம் குடமாய்க் குடித்தேன், தாகம் தீரவில்லை. துக்கம் என்றார்கள். இடுப்பில் பேன்ட் நிற்கவில்லை. துக்கம் என்றார்கள். நின்றால் களைப்பு, உட்கார்ந்தால் உறக்கம். துக்கம் என்று நானே சொல்லிக்கொண்டேன்! அழுகிறவன் இளைப்பான் என்பது ஊர் அறிந்த நியாயம். இளைக்கிறவன் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்பது யார் அறிந்த நியாயம்? துக்கம் போர்வையாய் மேலே கிடந்தது. நோய் அதற்குள் சுகமாய்ச் சுருண்டு வளர்ந்தது.

அங்கே சிரிக்கிறாரே பொங்கியண்ணன், எங்கள் ஃபவுண்டரிக்காரர், அவர்தான் என் முதல் மருத்துவர். "ஏப்பா வேந்தா, பொண்டாட்டி போன கவலை ஆளை உருக்கிப்போடும். டீக்குச் சக்கரை சேத்திப் போட்டுக் குடி, தெம்பு வரும்" என்றார். குடித்தேன். தெம்பு வரவில்லை, தலைசுற்றல் வந்தது. சிரிங்கண்ணா, பரவால்லீங்க. இந்த மண்டபத்துல யாராச்சும் ஒருத்தரு சிரிக்கோணுமல்ல.

கடைசியில் இதோ இந்த மருத்துவர் ஐயாவிடம் போய் இரத்தம் சோதித்தேன். முடிவைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டுல யாரு தம்பி சமைக்கறது?"

"மாமியாருங்க."

"அடுத்த தடவ அவங்களயும் கூட்டீட்டு வாங்க. மாத்திரைய நான் எழுதறேன். பாதி வைத்தியம் அவங்க கையிலதான் இருக்குது."

கூட்டிப்போகவில்லை. ஏன்?

மோட்டார் தெரிந்த ஊர் இது. மோட்டார் கணக்கிலேயே சொல்கிறேன். உள்ளே வரும் மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒரு பேஸ் போய்விட்டால், ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார் உடனே நின்றுவிடுமா? நிற்காது! உறுமும். உதறும். மிச்சமிருக்கிற இரண்டிலும் கரண்டை இழுத்து இழுத்து ஓடும். வெளியே பார்க்கிறவனுக்குத் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். உள்ளே காயில் கருகும். எங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்தோம். ஒன்று போயிற்று. மீதி இரண்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த இரண்டில் ஒன்றும் பழுது என்று அந்தத் தாயிடம் எந்த வாயால் சொல்வேன்?

அது மட்டுமா? "சாப்பிடக் கூடாது" என்பது எங்கள் வீட்டில் சாதாரணச் சொல்லா? ஆஸ்பத்திரியில் கயல்விழிக்கு நினைவு வந்து வந்து போயிற்று. ஒருமுறை கண்ணைத் திறந்தவள், "அம்மா, கச்சாயம் வேணும்" என்றாள். அரைத்த பச்சரிசியில் வெல்லம் சேர்த்து எண்ணெயில் பொரித்தெடுக்கும் நம் ஊர்க் கச்சாயம். அவளுக்கு அது உயிர். அத்தை வீட்டுக்கு ஓடினார். சுட்டார். சூடு ஆறுவதற்குள் தூக்குப்போசியில் கொண்டுவந்தார். வார்டு வாசலில் நர்ஸம்மா கையை மறித்தார்: "வாய்வழியா எதுவும் குடுக்கக் கூடாதுங்க." அத்தை கொடுக்கவில்லை. கச்சாயம் தூக்குப்போசியோடு வீட்டுக்கு வந்தது. அதன் பிறகு கயல்விழி கண் திறக்கவேயில்லை.

"டாக்டருங்க பேச்சக் கேட்டு எம்புள்ளயப் பட்டினியா அனுப்பிச்சுப்போட்டேன்." அன்றிலிருந்து இதுதான் அவர் புலம்பல். விழுங்க முடியாதவளுக்குக் கொடுத்திருந்தால் மூச்சு அடைத்திருக்கும். எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்தால் ஆறிவிடுமா?

ஆகவே அமாவாசைதோறும் படத்துக்கு முன்னால் இலை விரிகிறது. இலை கொள்ளாமல் கச்சாயம். காக்கைக்கு வைத்த பிறகு அந்த இலையில் புருஷன் உட்கார்ந்து உண்ண வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். "நீங்க தின்னாத்தானுங்க மாப்ள, அவ தின்ன மாதிரி" என்பார், எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டு.

நோய் தெரிந்த பிறகும் அமாவாசை வந்தது. அமர்ந்தேன், தின்றேன். அடுத்ததும் வந்தது. தின்றேன். தெரிந்தே தின்றேன்! மருத்துவர் ஐயா, நீங்கள் கொடுத்த மாத்திரையை விழுங்கி, அதன்மேல் கச்சாயத்தையும் விழுங்கினேன். செத்தால் என்ன என்றிருந்தது. யாருக்காக இனிப்பைத் துறப்பது? யாருக்காக அளந்து உண்பது? யாருக்காக விடிவது?

ஒருமுறை ஜாடையாகக் கேட்டும் பார்த்தேன். "அத்தை, சோத்தக் கொறச்சுப்போட்டுக் கொஞ்சம் ராகிக் களி கிண்டுங்களேன்."

"களிங்களா? தோட்டத்துல கூலிக்கு நின்னப்ப எங்களுக்குப் போட்டதுங்க அது. படிச்சுப்போட்டு ஆபீசராட்ட பேன்ட் போடற மாப்ளைக்குக் களியப் போட்டா, மக செத்ததீம் மாமியாக்காரி மாறிப்போட்டான்னு ஊரு பேசாதுங்களா?"

போட்டார் இன்னொரு கரண்டி சோறு! அந்தச் சோற்றின் வெண்மைக்கு அவர் தலைமுறை எத்தனை வெயில் காய்ந்தது என்பது எனக்குத் தெரியும். அதையும் உண்டேன்.

இப்படியே போய்ச் சேர்ந்திருப்பேன். போன அமாவாசையன்று இலைக்கு முன்னால் உட்கார்ந்து படத்தைப் பார்த்தேன். கயல்விழியின் முகம் தெரியவில்லை. சாம்பிராணிப் புகை என்று தூபக்காலைத் தள்ளிவைத்தேன். தெரியவில்லை. வேட்டி நுனியால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தேன். தெரியவில்லை! பொட்டு இருந்த இடத்தில் ஒரு சிவப்புக் கறை. மூக்குத்தி எங்கே? அந்த ஓரப்பல் சிரிப்பு எங்கே? தலைமயிர் போன்ற செம்புக் கம்பியைக் கண்ணால் பார்த்தே அதன் கனம் இத்தனை கேஜ் என்று சொல்லுகிறவன் நான். என் மனைவியின் முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சர்க்கரை ஏறியதால் வந்த மங்கல். இப்போது இறக்கினால் தெளியும். அசட்டையாக விட்டால் ஒரு நாள் பார்வையே போகலாம் என்றார் மருத்துவர்.

பெரியோர்களே! வாழ்வதற்கு எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று சொல்ல நான் மேடை ஏறவில்லை. கிடைக்கவில்லை. தேடவும் தெம்பில்லை. ஆனால் அவளை ஒருமுறை மண்ணுக்குக் கொடுத்தேன். மறுமுறை மங்கலுக்குக் கொடுக்க மாட்டேன்! கண் இருக்கும் வரைதான் எனக்குக் கயல்விழி. அந்த முகத்துக்காகக் களி தின்பேன். அந்த முகத்துக்காகச் சோற்றை அளப்பேன். நடக்கச் சொன்னால் போத்தனூர் வரை நடப்பேன்!

நாளைக்கு அமாவாசை. அத்தை, எலைல கச்சாயம் வெக்காதீங்க.

என்னங்க பொங்கியண்ணா? "செத்தவளுக்கு வெக்கறது, ஒண்ணே ஒண்ணு தின்னா உசுரா போயிரும்"ங்கறீங்களா? அந்த ஒண்ணே ஒண்ணுதானுங்கண்ணா! கல்யாண வீட்டில் ஒன்றே ஒன்று. காதுகுத்தில் ஒன்றே ஒன்று. உறவுக்காரர் வீட்டுக்குப் போனால், 'நம்மூட்டுக்கு வந்துபோட்டு வெறும் வாயோட போவீங்களா' என்று ஒன்றே ஒன்று! அரிவாளோடு வருகிறவனிடம் ஓடித் தப்பலாம். அன்பைத் தட்டில் ஏந்தி வருகிறவரிடம் எங்கே ஓடுவது? மருத்துவர் விலக்கச் சொன்னது இனிப்பை. அந்த இனிப்பைப் பிடித்திருக்கிறதே ஒரு கை, அந்தக் கையை எப்படி விலக்குவது?

அத்தை எழுந்து நிற்கிறார். சத்தம் போடாதீங்க, பேசட்டும்.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். "நான் வெக்காட்டி அவ மறுக்காவும் பட்டினியாத்தானுங்களே போவா?" என்று கேட்கிறார்.

ஆமாங்க அத்தை.

இப்போது மருத்துவரைக் கேட்கிறார். "ஏனுங் டாக்டரு, சொன்னபடி தின்னா இவருக்குக் கண்ணு தெளியுமுங்களா?" மருத்துவர் ஆமென்று தலையசைக்கிறார், பார்த்தீர்களா?

பொறுங்கள். அத்தை சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். "சரிங்க மாப்ள. அவ பசிய அவ பொறுத்துக்குவா. வெக்கல."

தட்டாதீங்க. யாரும் கைதட்டாதீங்க. ஒரு தாய் தன் மகளுக்கு இரண்டாம் முறையாக இல்லை என்று சொல்லியிருக்கிறாள். இதற்கா கைதட்டுவது? பத்தியம், பத்தியம் என்று நாம் பேசுகிறோமே, அதன் விலை இதுதான். உண்கிறவன் ஒருவன்; இழக்கிறவர் இன்னொருவர். உங்கள் வீட்டிலும் ஒருவர் கரண்டியோடு காத்து நிற்கிறார். வந்த நோயை அவரிடம் சொல்லுங்கள். வலிக்கும். இருவருக்கும் வலிக்கும். சொல்லுங்கள்!

பேச இடம் தந்த மன்றத்துக்கும், பொறுமையாய் நடத்திய தலைவருக்கும், என் மாமியாருக்குத் தண்ணீர் கொடுத்துத் தாங்கிப் பிடித்த தாய்மார்களுக்கும் கடன்பட்டவன் நான். எல்லோருக்கும் வணக்கம்.

வாங்க அத்தை, ஊட்டுக்குப் போலாம். நாளைக்கு எலை போடோணும். என்னத்த வெக்கறதுன்னு ரெண்டு பேருமா உக்காந்து யோசிக்கலாம்.