தெலெஸ்ஃபோரோவோட வயலின யாரு செஞ்சா?

அதெப்படிக்கா, "யாரு செஞ்சதுன்னு சொல்ல முடியாது"ன்னு ஒரே பேச்சுல முடிச்சிட்டீங்க? நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்! மத்தான்சாஸ் ஊருக்கே வயலின் ரிப்பேர் பண்ற ஒரே ஆளு நீங்க. மிக்தாலியாக்கா, கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க...

இது யாரு வாசிச்சது தெரியும்ல? தெலெஸ்ஃபோரோ அரங்கோ! நம்மள மாதிரி கறுப்பு ஆளு, இதே ஊர்க்காரரு, அந்தக் காலத்துலயே பாரிஸ எழுந்து நின்னு கைதட்ட வெச்சவரு! தங்கச்சிக்கு அவர் போட்ட லெட்டர் நான் வேல பாக்குற மியூசியத்துல இருக்கு. "மெர்காதியேன்னு ஒரு வயலின் ஆசாரி, என் வாசிப்பக் கேட்டு அழுதுட்டாரு, எனக்குன்னே ஒண்ணு செய்றாரு"ன்னு. செஞ்சாரா, குடுத்தாரா... அங்கதான் கத நின்னு போச்சு! போன மாசம் அவரோட கொள்ளுப்பேத்தி வீட்டு அலமாரி மேல இது கெடைக்குது. உள்ள ஒரு சீட்டு ஒட்டியிருக்கு. "மெர்" வரைக்கும் தெரியுது. மீதி பூரா தூசி!

நாளைக்கு ஹவானாலேர்ந்து பெரிய ஆளுங்க இதப் பாக்க வர்றாங்கக்கா. சீட்டு இருந்தா கண்ணாடிப் பெட்டி, ரெண்டு பேரு பேரும் பக்கத்துல பக்கத்துல. இல்லேன்னா கோடவுன்ல, "பழைய வயலின் ஒண்ணு".

என்ன அப்படிப் பாக்குறீங்க... சீட்டு எங்கயா? அது வந்துக்கா... தூசி போக உள்ள ஒரு பிடி அரிசி போட்டுக் குலுக்கணும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க! ரேஷன் அரிசிக்கா, எங்கம்மாவுக்குத் தெரியாம எடுத்தேன். காஞ்ச அரிசின்னு சொன்னீங்களா? சொல்லியிருப்பீங்க, சொல்லியிருப்பீங்க... நான் லேசா ரம்ல நனச்சேன். லேசான்னா... அர டம்ளர். பளிச்சுன்னு ஆகும்னுதான்!

ஐயோ, சிரிக்காதீங்க! அரிசியோட சீட்டும் துண்டு துண்டா வந்திருச்சு, நான் கவனிக்கல. முத்தத்துல கொட்டிட்டுக் கை கழுவிட்டு வர்றேன்... எதுத்த வீட்டு எனெய்தாம்மாவோட கோழிங்க நாலு. ஒரு மணி மிச்சமில்ல, சீட்டுத் துண்டும் போச்சு! இப்ப போதையில ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு கெடக்குதுங்க.

அதான் கேக்குறேன்... உங்ககிட்டதான் பழைய காகிதம், பழைய மை எல்லாம் இருக்கே. சின்னதா, "மெர்காதியே, பாரிஸ்"னு ஒரு சீட்டு... நம்ம ரெண்டு பேருக்குள்ள... சரி சரி, மொறைக்காதீங்க! சும்மா கேட்டேன். ஏன்க்கா தோளப் புடிச்சுத் தள்ளுறீங்க? நடக்குறேன், நானே நடக்குறேன்... அக்கா! என்ன, பூட்டிட்டீங்க? வயலின் உள்ள இருக்குக்கா!

...என்னது? எங்கிட்டேர்ந்து அதக் காப்பாத்தத்தானா?