நாப்பது சீட்டுல மூணு பாம்பு

— சிரிக்காதடா விஜி. அடுப்புல எரியிற வெறக விட என் வயிறு எரியுது.

— நா எங்கக்கா சிரிச்சேன்? மூஞ்சியே அப்பிடித்தான்...

— மூஞ்சிய அப்புறம் பார்ப்போம். கணக்கச் சொல்லு. தெனமும் அந்தக் கொழும்புச் சீட்டு வெளையாட்ட வச்சிக்கிட்டு, “நாப்பது சீட்டுக்கா, மொதக் கைக்கு அஞ்சு, அதுல ஒரு டிராகனாச்சும் வர மூணுல ஒரு வாய்ப்பு”ன்னு என் காதப் புளிக்க வப்பியே. இப்ப வாயத் தொற.

— எதுக்குக்கா இப்ப...

— எதுக்கா? காலையில வேலைக்குப் பேரு கூப்புடுற பெரட்டுக் களத்துல தோட்டத்து நாப்பது குடும்பமும் வரிசையா நின்னோம். ஒன் சீட்டு நாப்பதையும் சாக்குல போட்டு ஆளுக்கு ஒன்னு எடுத்தோம். மினுங்குற பாம்பு வந்தவங்களுக்குப் புது வீடு.

— பாம்பில்லக்கா, டிராகன்.

— ரெக்க மொளச்ச பாம்பு! மூணு பாம்பு, மூணு வீடு. யாரு யாருக்கு வந்துச்சு?

— தோட்டத் தலைவருக்கு...

— அப்புறம்?

— அவரு தம்பிக்கு.

— அப்புறம்? வாயில என்ன கொழுக்கட்டையா?

— அவரு மருமகனுக்கு.

— தலைவரு சோலைமலை, தம்பி, மருமகன்! மத்த முப்பத்தேழு குடும்பமும் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறோம். இதுக்கு எத்தன வாய்ப்பு?

— அதிர்ஷ்டம்னு ஒன்னு இருக்கில்லக்கா...

— அதிர்ஷ்டத்தத் தூக்கி ஒடப்புல போடு! கணக்கு!

— சரி சரி. மொத ஆளுக்கு நாப்பதுல மூணு. அவருக்கு வந்துட்டா, அடுத்த ஆளுக்கு முப்பத்தொம்பதுல ரெண்டு. மூணாவது ஆளுக்கு முப்பத்தெட்டுல ஒன்னு. எல்லாத்தையும் பெருக்குனா...

— பெருக்குனா?

— ஒம்பதாயிரத்து எண்ணூத்தி எம்பது தடவ சீட்டெடுத்தா, ஒரு தடவ இப்பிடி மூணு பேருக்கே விழும்.

— தெனமும் எடுத்தா?

— இருவத்தேழு வருசம் ஆவும்.

— அடப் பாவிகளா! இருவத்தேழு வருசத்துல ஒரு நா நடக்குறது இன்னைக்குக் காலையிலயா நடந்துச்சு? எடு அந்தக் குடைய. தோட்டத்துக் கந்தோருக்குப் போறோம். ஆபீசுல தொரைகிட்ட இதே கணக்க நீ சொல்ற.

— நானா?

— பின்ன? போன தடவ துண்டுக் காகிதத்துல எழுதுனப்ப மடிப்புல அடையாளம் வச்சிட்டாங்கன்னு அடிதடி. இந்தத் தடவ யாரு மாரத் தட்டுனது? “மெசின்ல அடிச்ச சீட்டு, முதுகெல்லாம் ஒன்னுபோல, ஒருத்தனும் களவு பண்ண ஏலாது”ன்னு?

— நாந்தான்.

— ஒன் பேச்ச நம்பித்தானே எல்லாரும் தலையாட்டுனாங்க. நடடா.

— வேணாங்க்கா. அடுத்த வீட்டுத் திட்டத்துல பார்த்துக்கலாம்.

— அடுத்த திட்டமா? இந்த ஒத்த அறைக் காம்பராவுல அஞ்சு பேரு கெடக்குறோம். சண்முகவடிவு வயசுக்கு வந்து எட்டு மாசம். புள்ள உடுப்பு மாத்தணும்னா நீயும் ஒன் மச்சானும் மழையில எறங்கி நிக்கிறீங்க. நேத்து அவ என்ன சொன்னா தெரியுமா? “மாமாவ நிக்க வைக்க வெக்கமா இருக்கும்மா, நா ஈர உடுப்போடயே இருந்துக்கிறேன்”னு. பெத்தவளுக்கு எப்பிடி இருக்கும்? என்னடா, முழி சரியில்லயே.

— அக்கா... அடிக்க மாட்டேன்னு சொல்லு.

— அடிப்பேன். சொல்லு.

— மினுங்குற சீட்டு மூணுலயும் ஒரு பக்கம் பளபளன்னு தாளு ஒட்டியிருக்கு. நம்ம ஊரு பனிக்கு அது தாங்காது. கொஞ்ச நேரம் வெளிய இருந்தா வளைஞ்சிரும். மத்தது வளையாது.

— அதனால?

— பாக்கத் தேவையில்ல. சாக்குக்குள்ள வெரல வச்சித் தடவுனாலே தெரியும்.

— அம்மாடி மாரியாத்தா! இது யாருக்குத் தெரியும்?

— எனக்கு மட்டுந்தான்... எனக்கும் சர்மிளாவுக்கும்.

— எந்தச் சர்மிளா? தலைவரு சின்ன மகளா?

— கொழுந்து நிறுக்குற மடுவத்துல மழைக்கு ஒதுங்குனப்ப ரெண்டு தடவ வெளையாடுனோம். அவ தோத்துக்கிட்டே இருந்தா. பாவமா இருந்துச்சு...

— பாவமா இருந்துச்சா! அவளுக்குப் பாவம் பார்த்து என் புள்ள வீட்ட எடுத்துக் குடுத்திட்டியேடா!

— அவ அப்பன்கிட்ட போய்ச் சொல்லுவான்னு கனவா கண்டேன்?

— அத வுடு. எங்கிட்ட ஏன்டா சொல்லல? காலையில எழும்பி, தேத்தண்ணி குடிச்சி, எங்கூடதானே பெரட்டுக்கு நடந்து வந்த?

— அது களவுக்கா. மனசு ஒப்பல.

— அடேயப்பா, அரிச்சந்திரன்! ஊரான் மககிட்ட சொன்னா வெளையாட்டு, கூடப் பொறந்தவகிட்ட சொன்னா களவா?

— தப்புத்தான். திட்டு. நல்லாத் திட்டு.

— திட்டுனா கூரையா வந்துரும்?

— வா, போவோம். தொரைகிட்ட எல்லாத்தையும் ஒடச்சிச் சொல்லிர்றேன். சர்மிளா இனி மூஞ்சியில முழிக்க மாட்டா, பரவால்ல. மறுபடி எடுக்கச் சொல்லுவோம்.

— இப்பத்தான் எங்கம்மா வயித்துல பொறந்தவன் மாதிரி பேசுற. நட.

— ஒன்னு மட்டும் கேக்குறேங்க்கா. தலைவரும் தம்பியும் மேல் லயத்து வீட்டு வரிசை, மொதல்லயே எடுத்திட்டாங்க. மருமகன் கீழ் லயம், முப்பத்தோராவது ஆளு. நீ பன்னெண்டாவது.

— என் கதைய எதுக்கு இழுக்குற? குடைய எடு.

— இல்ல... நீ கைய வுட்டப்ப ஒரு டிராகன் உள்ளதான் கெடந்திருக்கு. ரொம்ப நேரம் தடவிக்கிட்டே நின்னியே. ஒன்னும் தட்டுப்படலயா? அக்கா? ஏன் அழுவுற?

— தட்டுப்பட்டுச்சுடா. மொதல்ல கையில வந்ததே அதுதான். இருவது வருசமாத் தேயிலக் கொழுந்து எடுக்கையில முத்தின எல கையில பட்டா ஒதறிட்டு நல்லதாப் பார்த்துக் கிள்ளுற வெரலு... வளைஞ்சி கெடக்கே, ஏதோ கெட்ட சீட்டுன்னு தள்ளி வுட்டுட்டு, நல்லா நேரா இருந்ததாப் பார்த்துப் பார்த்து எடுத்தேன்.