லியோனோர் வீட்டுப் பாட்டு

உக்காரவெல்லாம் வேணாம் சாமி, நின்னுக்கிட்டே சொல்லிடுறேன். கையில என்னவா? செருப்பு. அத அப்புறம் சொல்றேன். லியோனோர் என் பக்கத்து வீட்டுக்காரி. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒத்தச் சுவர்தான். அவள நீங்க விசாரணைன்னு உள்ள வெச்சு இன்னையோட பதினோரு நாளாச்சு.

தெரியும் சாமி. அரபுல பேசக்கூடாது, பாடக்கூடாதுன்னு ராஜா சட்டம் போட்டது தெரியும். கிரனடா பட்டணத்துலேந்து ஆள் வந்து மூணு தடவ தண்டோரா போட்டாங்களே. அவ மூர் வம்சம்தான், அரபு பேசுன முஸ்லிம் வழிதான், இல்லேங்கல. ஆனா தாத்தா காலத்துலயே ஞானஸ்நானம் வாங்குன குடும்பம்.

என்னது? ஆமா, முஸ்லிமுங்க மாதிரி பன்னிக் கொழுப்பு சேக்காம எண்ணெயிலதான் கத்திரிக்கா வதக்குவா. நானும்தான் வதக்குறேன், நான் பரம்பரைக் கிறிஸ்தவச்சி. உங்க மடத்துச் சமையக்காரரும் அப்படித்தான், கோவிச்சுக்காதீங்க, வாசம் தெருவரைக்கும் வருது.

அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், ஒத்துக்கிறேன். ஒரு நாள் தலகாணி இரவல் கேட்டேன். ஏண்டி பிரியாந்தா, நீ பேசுற பேச்சுல தலகாணிங்கற சொல்லே எங்க அரபுலேந்து எடுத்தது, எண்ணெய்ங்கறதும் எங்களோட சொல்லு, சர்க்கரைங்கறதும் எங்களோட சொல்லு, இத்தன சொல்லுக்கும் வாடகை எப்ப குடுப்பேன்னா. நானும் விடல. ஊர்த்தலைவருங்கறதும் உங்க சொல்லுதான், போய் அவருகிட்ட வசூல் பண்ணுடின்னேன். அப்படிச் சிரிச்சோம். ஐயோ, இதையுமா எழுதுறாரு உங்க எழுத்தரு? வேணாம்னு சொல்லுங்க சாமி. நம்ம நாக்குல ஊறிப்போனத எந்தத் தண்ணி ஊத்திக் கழுவ?

கோயில் மணியடிக்கிறவரு சொன்ன சாட்சியா? அவரு பொய் சொல்லல. மத்தியானம், வெயிலுக்கு ஊரே கதவச் சாத்திப் படுத்திருந்தப்ப அரபுத் தாலாட்டு கேட்டுருக்கும். ஆனா தெருவுல நின்னவருக்கு எந்த வீடுன்னு எப்படித் தெரியும்? அரபுன்னதும் நேரா அவ கதவத்தானே தட்டுனாங்க.

அவ என்ன சொல்றா? ஒண்ணுமே சொல்லலியா? நான் இல்லேன்னுகூடவா சொல்லல?

கொஞ்சம் தண்ணி குடுங்க சாமி.

அவளுக்குத் தாலாட்டப் புள்ள ஏது? எம் மவன் ஆல்வாரோதான் அன்னைக்குக் காய்ச்சல்ல மடியில கெடந்தான். நாலு வயசு. ஜெபம் சொன்னேன், அனத்தல் நிக்கல. எனக்குத் தெரிஞ்ச தாலாட்டு ஒண்ணே ஒண்ணுதான். எங்கம்மா என்னப் பெத்ததும் போயிட்டா, பால் குடுத்து வளத்தது லியோனோரோட அம்மா. அந்தம்மா எனக்குப் பாடுன அரபுத் தாலாட்டு அது, அர்த்தம்கூட எனக்குத் தெரியாது. பாடுனேன், அனத்தல் அடங்குச்சு. அப்புறம் மூச்சும் அடங்குச்சு. சுவருக்கு அந்தாண்ட அவளுக்கு எல்லாமே கேட்டிருக்கும் சாமி.

பாடுனது நான்தான். இத எழுதச் சொல்லுங்க.

பதினோரு நாள் பயந்துக்கிட்டு வீட்டுக்குள்ளயே கெடந்தேன். இந்தச் செருப்பு அவளோடது. இழுத்துட்டு வந்தப்ப வாசல்லயே விட்டுட்டா. வெயில்ல தரை சுடுது, போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போவட்டும்.