எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க என்று சொன்னது போதும்

இந்தப் பொங்கல் பெருவிழாவின் தலைமை இருக்கையில் அமர்ந்து, என்னை எப்போது உட்காரச் சொல்லலாம் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட சங்கத் தலைவர் கோபாலசாமி அவர்களே! எக்ஸ்ரே படம் பார்த்துச் சொல்வதே தொழிலாக இருந்தும், முழங்கால் வலி முதல் மூக்கடைப்பு வரை இந்த ஊரார் அத்தனை பேருடைய முறையீட்டையும் வடை வரிசையில் நின்றபடியே கேட்டுவரும் மருத்துவர் நாகரத்தினம் அவர்களே! பட்டுப் புடவைக்கு மேல் பனிக்கோட்டும், பனிக்கோட்டுக்கு மேல் மல்லிகைச் சரமுமாக வந்து இந்தப் பள்ளிக்கூட மண்டபத்தை மணக்கச் செய்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் நின்று பங்குச் சந்தை பேசும் பெரியோர்களே! தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் செல்வங்களே! அனைவருக்கும் என் அன்பு கலந்த, ஆனால் சற்றே ஆத்திரமும் கலந்த வணக்கம்.

என் பெயர் ஜெபராணி. நாகர்கோவில்காரி. இங்கே நியூ ஜெர்சியில் ஒரு பல்கலைக்கழகத்தில் மருத்துவக் காப்பீட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள். விழாக் குழுவினர் என்னிடம், "மேடம், லைட்டா, ஜாலியா ஏதாச்சும் பேசுங்க, அடுத்து கிட்ஸ் கோலாட்டம் இருக்கு" என்றார்கள். மன்னிக்க வேண்டும். இன்று எனக்கு ஜாலி வரவில்லை.

முதலில் ஒரே ஒரு கேள்வி. எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

கேட்டீர்களா! கேட்டு முடிப்பதற்குள் மண்டபமே சொல்கிறது, "நல்லா இருக்கோம்!" இதைச் சொன்ன வாய்களில் பாதி, சற்று முன் வாசலில் இருமிக்கொண்டிருந்த வாய்கள். சிரிக்காதீர்கள் ஐயா. இந்தப் பதில்தான் என் பொறுமையைப் பொசுக்கியிருக்கிறது.

மேனேஜ்டு கேர், மேனேஜ்டு கேர் என்கிறார்களே, அது என்ன? உங்கள் கம்பெனி உங்களை ஒரு காப்பீட்டுப் பிளானில் சேர்க்கிறது. பிளான் உங்களுக்கு ஒரு முதல் டாக்டரைக் காட்டுகிறது. அவரே வாசல், அவரே வாசற்காவல். அவர் ரெஃபரல் என்ற பரிந்துரைச் சீட்டு எழுதினால்தான் அடுத்த கதவு. அவர் எழுதினாலும் பிளான் சம்மதித்தால்தான் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் திறக்கும். இது முழுக்க முழுக்கக் கொடுமை என்று சொல்ல நான் வரவில்லை. தேவையில்லாத சோதனைகளைத் தடுத்திருக்கிறார்கள், நல்லது. குழந்தைக்குத் தடுப்பூசி நாள் வந்துவிட்டது என்று ஞாபகப்படுத்துகிறார்கள்; மிக நல்லது. செலவு எகிறாமல் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால், செலவு குறைந்தது வீண் செலவைக் குறைத்ததாலா, வேண்டியதைக் குறைத்ததாலா? சிகிச்சை சீரானதா, சுருங்கியதா? கதவு திறக்கிறதா, திறப்பதுபோல் தெரிகிறதா? இதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. இதற்குப் பதில் சொல்லக்கூடியவர் யார்? டாக்டரா? அதிகாரியா? இல்லை. கதவுக்கு வெளியே நிற்கிற நோயாளி ஒருவர்தான்!

அதனால் நோயாளிகளைக் கேட்டோம். தமிழ்க் குடும்பங்களையும் கேட்டே ஆக வேண்டும் என்று நான் சண்டை போட்டேன். யாமினி என்ற எங்கள் ஆராய்ச்சி மாணவி உங்கள் வீடுகளுக்கு ஃபோன் செய்தாள். தமிழிலேயே கேட்டாள், தன்மையாகக் கேட்டாள். "டாக்டர் எப்படி?" "தங்கமான மனுஷன்." "ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருந்ததா?" "பரவால்லம்மா, டிவி இருந்துது." "ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க முடிந்ததா?" "நோ ப்ராப்ளம், எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ எந்த ஊரும்மா? சாப்டியா?"

அடடா, அடடா! ஆராய்ச்சிக்காரி சாப்பிட்டாளா என்று கேட்ட ஒரே சமூகம் நாம்தான். அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் குறை சொல்கிறேன்!

அந்தப் பதில்களை எடுத்துக்கொண்டு பிளான் அதிகாரிகள் முன் போய் நின்றேன். ஒருவர் முகமெல்லாம் மலர்ந்து சொன்னார்: உங்கள் மக்களைப் போலத் திருப்தியான உறுப்பினர்கள் எங்களுக்கு வேறு எவருமே இல்லை, உங்கள் பிளெய்ன்ஸ்பரோவில் மாலை நேரக் கிளினிக் அவசியம்தானா என்று யோசிக்கிறோம். எப்படி இருக்கிறது கதை? வேலை முடிந்து ரயிலில் இறங்கி வருகிறவர்கள் போவதற்கு இருக்கிற ஒரே கிளினிக். உங்கள் வாயால் வந்த பதிலை வைத்தே உங்கள் கிளினிக்குக்குப் பூட்டுத் தேடுகிறார்கள்! அவர்களைத் திட்டலாமா? திட்டலாம். ஆனால் கேட்டபோதெல்லாம் குறையில்லை என்று சொன்னது யார்?

தலைவர் மணியைத் தொடுகிறார். தொடுங்கள் ஐயா, அடிக்க வேண்டாம். முக்கியமானதற்கு இப்போதுதான் வருகிறேன்.

போன நவராத்திரிக்கு அனந்தலக்ஷ்மி அவர்கள் வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தேன். அபார்ட்மென்டில் ஹீட்டர் கொதிக்கிறது. எல்லோரும் விசிறிக்கொண்டிருக்க, ஒரு சகோதரி மட்டும் கழுத்தைச் சுற்றிக் கம்பளிச் சால்வை போர்த்தியிருந்தார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்வதில்லை என்ற வாக்குறுதியின் பேரில்தான் இதைப் பேச அவர் அனுமதித்தார். கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்துக்காரர் என்று மட்டும் சொல்கிறேன். சுண்டல் கிண்ணத்தோடு நின்ற நாகரத்தினம் அவர்களிடம் சால்வையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். மருத்துவர் முகம் மாறிவிட்டது. "அம்மா, நான் படம் பார்க்கிறவன். இதுக்கு நான் ஒப்பீனியன் சொல்லக் கூடாது. தைராய்டு ஸ்பெஷலிஸ்டை உடனே பாருங்க" என்றார். மேடையில் அவரே இருக்கிறார், தலையசைக்கிறார் பாருங்கள்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது: சகோதரியின் டாக்டர் முன்பே ரெஃபரல் எழுதத்தான் எழுதியிருந்தார். பிளான்தான் மறுத்துவிட்டது. இப்போதைக்கு அவசியமில்லை, பொறுத்துப் பார்க்கவும் என்று சொல்லிவிட்டது. அவரும் பொறுத்தார். கட்டி பொறுக்கவில்லை, வளர்ந்தது.

எனக்குச் சுரீரென்றது. "எங்க ஆபீஸ்ல இருந்து உங்களுக்கு ஃபோன் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"வந்துதுங்க. ஒரு புள்ள பேசுச்சுங்க."

"ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க முடிஞ்சுதான்னு கேட்டாளா?"

"கேட்டுச்சுங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னனுங்க."

"ஏன் சொன்னீங்க?"

அவர் சொன்ன பதிலைக் கேளுங்கள். "பாவம், வேலைக்குப் போற புள்ளைங்க. நான் ஏதாச்சும் குறை சொல்லி, அதனால அந்தப் புள்ளைக்குக் கெட்ட பேரு வந்துருச்சுன்னா?"

அம்மா! தாயே! உங்கள் கழுத்தில் வளர்வது உங்கள் உயிருக்குக் கேள்வி. நீங்கள் கவலைப்பட்டது ஃபோன் செய்த பெண்ணின் நல்ல பெயருக்கு! இந்த உள்ளத்தை வணங்குவதா, உலுக்குவதா? அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். கொலுப் படிக்கு முன்னால் நான் குரலை உயர்த்திவிட்டேன். அனந்தலக்ஷ்மி அவர்களுக்கு இந்த மேடையில் மன்னிப்பு.

மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. முதலில் பிளானிடமே. நச்சரித்து நச்சரித்து அதைச் செய்ய வைத்தேன். பிளான் தன் பேச்சையே திருப்பிச் சொன்னது. இனி இருப்பது மாநில அரசிடம் செய்யும் முறையீடு. பிளானின் சம்பளம் வாங்காத மருத்துவர்கள் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். இந்த நியூ ஜெர்சியில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் அதற்குக் கெடு இருக்கிறது. வருகிற வாரத்தோடு அந்தக் கதவும் சாத்திக்கொள்ளும்.

அந்த முறையீட்டைத் தபாலில் அனுப்பினார்களா? இன்னும் இல்லை. ஏன்? வீட்டுக்காரர் சொல்கிறார்: "மேடமுங்க, கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருக்குதுங்க. கவர்மென்ட்டு கிட்டப் போய்க் கம்ப்ளெய்ன்ட் பண்ணுனா ஃபைல்ல ஏறிக்குமில்லீங்க? கம்பெனி ஹெச்.ஆருக்குத் தெரிஞ்சா ப்ராப்ளமுங்க."

நண்பரே! கிரீன் கார்டு கொடுக்கிறவர்கள் உங்கள் மனைவியின் கழுத்தை எட்டிப் பார்ப்பதில்லை. மருத்துவம் கேட்டவரை மண்ணை விட்டு அனுப்பும் சட்டம் இங்கே இல்லை. கார்டு வரும் நாளில், அதைக் காட்டி மகிழ உங்கள் பக்கத்தில் அவர் இருக்க வேண்டாமா?

இது ஒரு வீட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். இந்த மண்டபத்தில் வலி இல்லையா? இருக்கிறது. அதை எங்கே சொல்கிறோம்? வடை வரிசையில் சொல்கிறோம். பார்க்கிங் லாட்டில் சொல்கிறோம். பாவம், நாகரத்தினம் அவர்கள் கை கழுவப் போகும்போதுகூட வழிமறித்துச் சொல்கிறோம். எங்கே சொன்னால் எழுதிக்கொள்வார்களோ, எங்கே சொன்னால் பதில் தந்தாக வேண்டுமோ, அங்கே மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம். அதற்கு மரியாதை என்று பெயர் வைக்கிறோம். யாருக்கு இந்த மரியாதை? உங்களை மறுத்தவனுக்கா? உங்களைப் பார்த்தறியாத அதிகாரிக்கா? நீங்கள் மூடிய வாய், அவர்கள் கணக்கில் நலம்! நீங்கள் விழுங்கிய வலி, அவர்கள் கணக்கில் லாபம்! நீங்கள் காத்த மௌனம், அவர்கள் அறிக்கையில் தரம்! வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். மறுத்தால் ஏன் என்று கேளுங்கள். கேட்டும் தராவிட்டால் மேலே போங்கள். கெஞ்ச வேண்டியதில்லை, சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்கிறார்கள், கேட்பது உங்கள் உரிமை!

என்ன அங்கே சலசலப்பு? கோலாட்டக் குழந்தைகளா? இல்லை, யாரோ எழுந்து நிற்கிறார்கள். அம்மா... அம்மா, நீங்கள் உட்காருங்கள். நான் பெயர் சொல்ல மாட்டேன் என்றேனே. பேச வேண்டுமா? விழாக் குழுவினரே, மைக்கைக் கொண்டுபோய்க் கொடுங்கள். வயர் எட்டவில்லையா? சரி, நீங்கள் சொல்லுங்கள் அம்மா. அவர் சொல்கிறபடியே நான் திருப்பிச் சொல்கிறேன்.

"என்ற பேரு சாந்திங்க. மேடம் சொன்னது என்னையத்தானுங்க. எனக்குக் கழுத்துல கட்டி இருக்குதுங்க. நாளுக்கு நாள் பெருசாகுதுங்க. பெரிய டாக்டர்கிட்டக் காட்டோணும்னு கேட்டனுங்க, உட மாட்டேங்கறாங்க. ராத்திரியில எனக்குப் பயமா இருக்குதுங்க."

கைதட்டாதீர்கள். தயவுசெய்து ஒரு நிமிடம் கைதட்டாதீர்கள். பக்கத்தில் அவர் வீட்டுக்காரர் நஞ்சுண்டன் எழுந்து நிற்கிறார். என்ன சொல்கிறீர்கள் ஐயா? "திங்கக்கிழமை அனுப்பிப் போடறமுங்க மேடம்" என்கிறார். நானும் வருகிறேன் ஐயா. தபாலாபீஸ் திறக்கும் முன்பே வாசலில் நிற்கிறேன். நாகரத்தினம் அவர்கள் தானும் வருவதாகக் கை காட்டுகிறார்.

சாந்தி அவர்களே, உங்கள் குரல் நடுங்கியது. நடுங்கினாலும் மைக் இல்லாமலே மேடை வரை கேட்டது. இந்த ஊரில் எத்தனையோ பேரைக் கேட்டுவிட்டேன். எனக்குக் கிடைத்த முதல் உண்மையான பதில் உங்களுடையது.

தலைவர் அவர்களே, இனி மணியடிக்கலாம். ஜாலியாகப் பேசாத என்னைப் பொறுத்துக்கொண்ட சபைக்கும், காத்திருந்த கோலாட்டக் குழந்தைகளுக்கும், எழுந்து நின்ற அந்த இருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. விழா முடிந்ததும் நான் வாசலில்தான் நிற்பேன். சொல்ல இருப்பவர்கள் வந்து சொல்லுங்கள். வணக்கம்.