திருத்தி எடுத்த கடைசிக் காட்சி

கல்யாண வீடியோவைக் குறை சொல்லாத குடும்பம் கிடையாது, சார். பதினோரு வருடம் அந்தத் தொழிலில் இருந்தவன் சொல்கிறேன். மாமா சாப்பிட்டது வரவில்லை, மணப்பெண் கண்ணை மூடியிருக்கிறாள் என்பார்கள். நான் கோபப்பட மாட்டேன். கேசட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்த் திருத்திக்கொண்டு வருவேன். காக்ஸ் டவுனில் ஆம்ப்ரோஸ் என்றால் பொறுமைசாலி என்றுதான் சொல்வார்கள்.

2003-இல் ‘மாடி போர்ஷன்’ என்று ஒரு படம் எடுத்தேன். கல்யாணத்துக்குக் கொண்டுபோகும் அதே கேமரா, என் வீடு, என் வாசல். மாடியில் குடியிருக்கும் சாதுவான ஒருவன் பெண்களைக் கொல்கிறான். ஏன் கொல்கிறான் என்று அவனுக்கே தெரியாது. ஆள் கிடைக்காததால் கொலைகாரனாக நானே நடித்தேன். கடைசியில் சாகிற பெண்ணாக நடித்தவள் சரசு. கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவள். ஈஜிபுராவில் தம்பி சீனுவோடு குடியிருந்தாள். பல மண்டபங்களில் சேர்ந்து வேலை பார்த்திருக்கிறோம். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

என் வாசலில் தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. சம்ப் என்போமே, அது. கடைசிக் காட்சியில் அவன் அவளை அதற்குள் தள்ளி, இரும்பு மூடியைப் போட்டு, அதன்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான். உள்ளேயிருந்து அவள் தட்டுகிறாள். தட்டல் நின்றதும் அவன் அடுத்த பக்கத்தைத் திருப்புகிறான். அவ்வளவுதான். அன்று தொட்டியில் முழங்கால் அளவு தண்ணீர்தான் இருந்தது.

சிவாஜிநகரில் ஒரு சின்ன ஹாலை ஞாயிற்றுக்கிழமை காலைக்கு எடுத்து, தெரிந்தவர்கள் எண்பது பேரைக் கூப்பிட்டேன். கருத்தை எழுதித் தர ஆளுக்கொரு சீட்டும் கொடுத்தேன். இருபது நிமிடத்தில் சிரிப்பு ஆரம்பித்தது.

“இவனா கொலைகாரன்? இன்சூரன்ஸ் ஏஜென்ட் மாதிரி இருக்கான்” என்றான் ஒருவன். எதிர்வீட்டு டெய்லர் கிருஷ்ணப்பா, போதும் விளக்கைப் போடு என்று கன்னடத்திலேயே கத்தினார்: “சாக்கு மாராயா, லைட் ஹாக்கு!” சரசு மூடியைத் தட்டும் இடத்தில் பின்வரிசையில் யாரோ அதற்கேற்றபடி கைதட்ட, கொஞ்ச நேரத்தில் ஹால் முழுக்கத் தாளம் போட்டது. சரசு என் பக்கத்தில்தான் இருந்தாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்ததும் நோரா டீச்சர் எழுந்தார். எனக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்தவர். “தப்பா எடுத்துக்காத ஆம்ப்ரோஸ். அந்தப் பொண்ணு சாகவே இல்லப்பா. நீ எப்போ நிறுத்தச் சொல்லுவன்னு காத்துக்கிட்டே தட்டறா.”

அறுபத்தொரு சீட்டு திரும்பி வந்தது. எல்லாவற்றையும் படித்தேன். ‘குப்பை’ என்று மட்டும் எழுதியவர்களைத் தள்ளிவைத்தேன். மிச்சம் பேரில் பெரும்பாலோர் டீச்சர் சொன்னதையேதான் சொல்லியிருந்தார்கள். நியாயமான குறை, சார். திருத்தக்கூடிய குறை.

இரண்டு நாள் கழித்து சரசு வந்தாள். “அவங்க சிரிச்சா சிரிக்கட்டும், விடுங்கண்ணா. ஆனா என்னாலதான் படம் கெட்டுச்சு. இன்னொரு வாட்டி எடுக்கலாம். இந்தத் தடவ ஒழுங்கா பண்றேன்.” யோசனை அவளுடையது. அதை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை மதியம் எடுத்தோம். முழங்கால் தண்ணீரில் யாருக்கும் பயம் வராது என்றேன், ஒத்துக்கொண்டாள். மார்பளவு வைத்திருந்தேன். ஏணியில் இறங்கும்போது, “இப்ப கார்ப்பரேஷன் தண்ணி விட மாட்டாங்கல்ல, அண்ணா?” என்று கேட்டாள். எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு மணிக்குத் தண்ணீர் வரும். நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துத்தான் வைத்திருந்தேன். ஏணியை எடுத்துவிட்டு மூடியைப் போட்டேன்.

முதல் பத்து நிமிடம் அவள் நடித்தாள். அது எனக்குத் தேவைப்படவில்லை. பிறகு குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. மொத்தம் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பேப்பரில் வரி விளம்பரம்கூட மிச்சம் வைக்கவில்லை. தட்டல் நின்றதும் பக்கத்தைத் திருப்பினேன், அதுதான் காட்சி.

சாயங்காலம் சீனு அக்காவைத் தேடி வந்தான். கோலாரில் கல்யாண வேலை, நாலு நாள் ஆகும் என்றேன். “சொல்லாம போவ மாட்டாளேண்ணா” என்றான். அவசரமாகக் கிளம்பினாள் என்றதும் நம்பினான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், முன்பு கடுமையாகக் குறை சொன்னவர்களில் நாலு பேரை வீட்டுக்கே கூப்பிட்டு டி.வி.யில் போட்டுக் காட்டினேன். குடிக்கப் பாட்டில் தண்ணீர் வாங்கி வைத்திருந்தேன். வியாழனிலிருந்து வீட்டுக் குழாயை நான் திறக்கவில்லை.

நாற்பது நிமிடத்தை நாலு நிமிடமாகச் சுருக்கியிருந்தேன். இன்றைக்கும் அது சரியா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. கிருஷ்ணப்பா கொட்டாவி விட்டார். “மொதல்ல எடுத்ததே பரவால்ல, ஆம்ப்ரோஸ்.” இன்னொருவர், “சாகப்போறவ இவ்ளோ சீக்கிரமா தட்டறத நிறுத்துவாளா? நம்பற மாதிரி இல்ல” என்றார். மூன்று நாள் தூங்காமல் வெட்டி ஒட்டியவனிடம் இப்படிச் சொல்கிறார்கள். ஆனாலும் நான் முகம் மாறவில்லை. தலையாட்டிக்கொண்டேன்.

நோரா டீச்சர் மட்டும் டி.வி. பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். கொஞ்சம் பின்னால் ஓட்டு என்றார். ஓட்டினேன். இன்னொரு தடவை என்றார்.

“படத்துல அவ உன்ன சார்னுதானே கூப்பிடுவா? இங்க ஏன் அண்ணா, அண்ணாங்கறா?”

அந்தக் குரலை நான் வெட்டியிருக்கலாம், சார். ஆனால் முழுப் படத்திலும் சரியாக வந்த இடம் அது ஒன்றுதான். மனசு வரவில்லை.

“சரசு எங்க, ஆம்ப்ரோஸ்?”

டீச்சர் எழுந்து வாசலுக்குப் போனார். கிருஷ்ணப்பாவைக் கூப்பிட்டு மூடியைத் தூக்கச் சொன்னார். நானும் பின்னாலேயே போனேன். டீச்சர் குனிந்து பார்த்தார். அவர் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டதாம். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கிருஷ்ணப்பா என் சட்டையைப் பிடித்திருந்தார். நான் டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரசுவை நான்தான் கொன்றேன், சார். மறுக்கவில்லை. ஆனால் என் படத்தைப் பார்த்து ஒருவர் பயந்தது அதுதான் முதல் தடவை.