மூணாவது மெஷினோட உஸ்

அண்ணா, அண்ணா, அந்தக் கதவ மட்டும் சாத்தாதீங்க. ஏசி குளிர் வெளிய போனா போகட்டும், உங்க சம்பளத்துலயா பிடிக்கப் போறாங்க? ஓ, பிடிப்பாங்களா. சரி, கொஞ்ச நேரம். நான் யாரா? இன்னைக்கு இந்த ஹால்ல பாடப்போறாங்கல்ல, அதுக்கு மியூசிக் போட்டதே நான்தான். வயசா? பதினேழு. ஸ்கூலா? விட்டுட்டேன். ஆங், இதோ, இந்த மூஞ்சி. எல்லாரும் சொல்லிவச்ச மாதிரி இதே மூஞ்சியத்தான் காட்டுறீங்க.

சும்மா ஒண்ணும் சுத்தலண்ணா. பஸ் டெப்போ மெக்கானிக்குங்கள வச்சு ஸ்பேனர்லயே ஒரு பாட்டு பண்ணேன். நடுவுல வண்டி நின்னுபோச்சுன்னு போன் வந்து பாதிப்பேர் ஓடிட்டாங்க, அது வேற. அப்புறம் முதியோர் இல்லம். அங்க ஒரு தாத்தாவுக்கு மொத வரி மட்டுந்தான் ஞாபகம் நிக்கும். அவர எங்க போயி திருத்துறது? பாட்டுக்கே மொத வரி மட்டும் போதும்னு மாத்திட்டேன்.

இன்னைக்கு லாண்டரி அக்காங்க. அதோ மேடையில, நீலச் சட்டை. ஆஸ்பத்திரி பெட்ஷீட்டெல்லாம் நீராவி மெஷின்ல தேய்க்கிறவங்க. அவங்களுக்கு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிப் பாட வராதுண்ணா. வேலை செய்யறப்ப மூணாவது மெஷின் உஸ்ஸுங்கும், உடனே மொத்தப் பேரும் பாட்ட எடுப்பாங்க. மெஷினத் தூக்கிட்டு வர முடியுமா? அதான் மூணாவது மெஷின்ல நிக்கிறவங்களயே வாயால உஸ் சொல்லச் சொன்னேன். அப்படியே அச்சு அசலா வந்துச்சு.

இல்ல, அவங்க மேடையில இல்ல. ரிகர்சல் பாதியிலயே வர்றத நிறுத்திட்டாங்க. ஸ்கூல விட்டுட்டேன்னு சொன்னேன். அப்ப நான் உன் பாட்ட விட்டுட்டேன்னாங்க. அவ்வளவுதான், அதோட பேச்சு நின்னுபோச்சு.

வேற அக்காவ விட்டுப் பாத்தாச்சு, சிரிச்சிடறாங்க. மெஷின் சத்தத்த ரெக்கார்ட் பண்ணிப் போட்டேன். அது சரியா ஒரே அளவுல வருது. சரியா வந்தா இவங்களால எடுக்க முடியல. ஏன்னா மூணாவது மெஷின்ல நிக்கிறவங்க துணியத் தடவிப் பாத்து, சுருக்கம் போச்சுன்னு தெரிஞ்சாத்தான் மெஷின அமுக்குவாங்க. ஒரு தடவை சட்டுனு வரும், ஒரு தடவை இழுக்கும். பாட்டோட மூச்சே அதுலதான் இருக்கு.

இருங்கண்ணா, கைய எடுங்க. ஆரம்பிக்கிறாங்க.

கேட்டீங்களா? இன்னைக்கு உஸ் சொல்ற அக்கா சொதப்புறாங்க, அதான் பாதிப்பேர் முன்னாடி, பாதிப்பேர் பின்னாடி. கேவலமா இருக்குல்ல? எனக்குத் தெரியும். மறுபடி எடுங்கன்னு சைகை காட்டிட்டேன். காதப் பொத்துனா பொத்திக்கோங்க, கதவ விட்டுடுங்க.

எதுக்கா? ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்ல பாருங்க. மடியில பைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்கல்ல, வர்ற பஸ்ஸெல்லாம் விட்டுக்கிட்டு. அவங்கதான் மூணாவது மெஷின். போய்க் கூப்பிடுறதா? நான் கூப்பிட்டா அடுத்த பஸ்ல ஏறிடுவாங்க. பாட்டு நல்லாருந்தாலும் அப்படியே கேட்டுட்டுப் போயிடுவாங்க. ஆனா அவங்க மெஷின்ல வேற யாராவது சொதப்புனா மட்டும் எங்கம்மாவால உக்கார முடியாது.

இன்னும் கொஞ்சம் அகலமாத் தொறங்கண்ணா.